சத்தம் கேட்டா அழுத்துங்க

காது டாக்டரின் கிளினிக்கில் அவளுக்குப் பெயர் 'பீப் அக்கா'. யார் வைத்தார்களோ தெரியாது, ஒட்டிக்கொண்டது. வருகிறவர்களுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. ஆளை ஒரு பெட்டிக்குள் உட்கார வைப்பாள். வலது காதில் சிவப்பு, இடது காதில் நீலம் என்று ஹெட்போனை மாட்டிவிட்டுக் கையில் ஒரு பட்டனைக் கொடுப்பாள். "சத்தம் கேட்டா அழுத்துங்க. எவ்வளவு சின்னதா கேட்டாலும் அழுத்துங்க." பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பீப், பீப் என்று ஒவ்வொன்றாக உள்ளே அனுப்புவாள். ஒரு நாளைக்குப் பதினைந்து பேர், இருபது பேர். ஏழு வருஷமாக இதேதான்.

அந்தப் பெட்டி நாலடிக்கு நாலடி. இரும்புச் சுவர், உள்பக்கம் முழுக்கச் சாம்பல் நிற ஸ்பாஞ்சு. கதவு பழைய காலத்து ஃபிரிட்ஜ் கதவு மாதிரி கனமாக இருக்கும்; சாத்தினால் காதுக்குள் 'ஞொய்' என்று ஓர் அமுக்கம் வரும். வெளியே லாரி போனாலும் உள்ளே தெரியாது. செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. முதல் தடவை உள்ளே உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு மூச்சு முட்டும். "எப்பம்மா திறப்பே?" என்று கண்ணாடி வழியாகக் கையை ஆட்டிக் கேட்பார்கள்.

அவளுக்கு மட்டும் உலகத்தில் மூச்சு விட முடிந்த ஒரே இடம் அதுதான்.

வீடு கிளினிக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில். இரண்டே அறை. அவள், புருஷன், மாமனார் என்று மூன்று பேர். குழந்தை இல்லை, ஏன் இல்லை என்று கேட்கிறவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். மாமனாருக்குக் காது மந்தம். காலையில் பல் துலக்கியதும் டிவியைப் போட்டால், படுக்கப் போகும்போதுதான் அணைப்பார். அதன் சத்தத்தில் அலமாரிக் கண்ணாடி அதிரும். மருமகளே காது பார்க்கிறவள், ஆனாலும் சோதனைக்கு மட்டும் வர மாட்டார். "என் காது நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்பார்.

புருஷன் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். நல்லவன்தான். கை நீட்டினது கிடையாது, குடி கிடையாது, சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் முகம் சுளிக்க மாட்டான். ஆனால் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் போன் காதிலேயே இருக்கும். "ஃபில்டரை மாத்துனீங்களா? மாத்திட்டு ஒரு பத்து நிமிஷம் ஓட விடுங்க சார்" என்று டிவிக்கு மேல் கத்திக்கொண்டிருப்பான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பாட்டு எழுதுவாள். யுகுலேலே என்று சொல்வார்களே, நாலே தந்தி, கைக்குழந்தை அளவு இருக்கும், அதை வைத்துக்கொண்டு கல்லூரி மாடிப்படியில் உட்கார்ந்து சொந்தமாக மெட்டுப் போட்டுப் பாடுவாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவன், "பாட்டெல்லாம் எழுதுவீங்களாமே, எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று சொன்னான். அவள் உச்சி குளிர்ந்துபோனாள். கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து, "நான் ஒரு ஆல்பம் பண்ணலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பித்தபோது அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பண்ணலாமே. இப்ப என்ன அவசரம்?" என்றான். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னான். அதற்கு அடுத்த வருஷமும் அதுதான். பாடாதே என்று ஒருவராவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. பாடுவதற்கு ஓர் இடமும் ஒரு பொழுதும் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

சமையலறையில் முணுமுணுப்பாள். டிவி சத்தத்தில் யாருக்கும் கேட்காது. அவளுக்கே சரியாகக் கேட்காது. ஒரு மெட்டு வந்தால் அரைகுறையாக வந்து, குக்கர் விசில் போட்டதும் ஓடிப்போகும்.

ஒரு நாள் மத்தியானம், வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். ஹெட்போன் வயரைச் சரிபார்ப்பதற்காகப் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள், சும்மா ஒரு வரியைப் பாடிப் பார்த்தாள். பாடிவிட்டுத் திடுக்கிட்டுப்போனாள். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. ஏழு வருஷத்தில் தன் குரலை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் யுகுலேலேயைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்து, காது மெஷின் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அலமாரியில் பின்னால் ஒளித்து வைத்தாள். போனில் மாட்டுகிற மாதிரி ஒரு சின்ன மைக் வாங்கினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிஷம். ஏழு நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டு மீதியைப் பெட்டிக்குள் கழித்தாள்.

பதிவு செய்ததைக் கல்லூரித் தோழி ஒருத்திக்கு அனுப்பினாள். அவள் வேறு ஊரில், ரயிலில் நாலு மணி நேரத் தொலைவில், கடை விளம்பரங்களுக்கு ஒலி சேர்க்கும் எடிட்டர். கேட்டதுமே போன் அடித்தாள்.

"ஏய், எங்கடி வச்சுப் பாடுன? சத்தம் கொஞ்சம்கூட எதிரொலிக்கல. தலகாணிக்குள்ள புகுந்து பாடுன மாதிரி இருக்கு."

"நல்லா இல்லையா?"

"பயமா இருக்கு. நல்லா இருக்கிறதால பயமா இருக்கு. இன்னும் எத்தனை வச்சிருக்க?"

"தலைக்குள்ள ஒரு பத்து இருக்கும்."

"ஒண்ணு விடாம அனுப்பு. பேஸ், டிரம்ஸ் எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

ஒன்றரை வருஷத்தில் ஒன்பது பாட்டு சேர்ந்தது. பெரிய விஷயம் எதுவும் அவற்றில் இல்லை. அவள் பார்த்தது, கேட்டது, அவ்வளவுதான். பெட்டிக்குள் உட்கார்ந்து, கேட்காத சத்தத்துக்கும் கேட்டதாகப் பட்டனை அழுத்துகிற பெரியவர்களைப் பற்றி ஒரு பாட்டு:

*கேக்காத சத்தத்துக்கும் அழுத்துறோம் பட்டனை,*
*கேட்டுச்சுன்னு சொன்னாத்தானே வீட்டுக்கு விடுவீங்க?*

புருஷனைப் பற்றி ஒன்று. அது மூன்றாவது பாட்டு:

*இப்ப என்ன அவசரம்னு கேட்ட,*
*அப்ப எனக்கு இருபத்தாறு.*
*இப்பவும் அதையேதான் கேக்குற,*
*நான் வயசைச் சொல்லுறதை விட்டுட்டேன்.*

பத்தாவது பாட்டைப் பதிவு செய்ய ஒரு சனிக்கிழமையைப் பிடித்தாள். சனிக்கிழமை கிளினிக் ஒரு மணியோடு முடியும். டாக்டர் கிளம்பினார். கூட்டித் துடைக்கிற அக்காவும் கிளம்பினாள். கிளினிக்கின் இன்னொரு சாவி அவளிடம்தான் இருக்கும் என்பதால் அவளை எல்லோரும் சாவி அக்கா என்பார்கள். வாசல் கதவு இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். எல்லோரும் போனதும் பீப் அக்கா அதைச் சாத்திவிட்டு, பெட்டிக்குள் போய், கனமான கதவை இழுத்துக்கொண்டாள்.

மூன்று தடவை பாடினாள். மூன்றாவது நன்றாக வந்தது. எழுந்து உள்பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் திருகினாள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

முதலில் சிரிப்புதான் வந்தது. கைப்பிடியைத் திரும்பவும் ஓட்டையில் செருகித் திருகினாள். அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஹேர்பின்னை விட்டு நெம்பினாள். தோளால் இடித்தாள். கதவு மசியவில்லை. போனைப் பார்த்தாள். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அழைப்பு எதுவும் குறுக்கே வராது என்பதற்காகத்தான் இத்தனை நாளும் அந்தப் பெட்டியை அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகு கத்தினாள். "யாராவது இருக்கீங்களா? அக்கா! டாக்டர்!" தொண்டை கிழியக் கத்திவிட்டுத் தானே நிறுத்திக்கொண்டாள். அந்தச் சுவர் எவ்வளவு சத்தத்தை விழுங்கும் என்று அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை மீட்டர் வைத்து அளந்து, கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைப்பவளே அவள்தான். எவ்வளவு கத்தினாலும் வாசலுக்குப் போகும்போது அது ஒரு பெருமூச்சு அளவுக்குக்கூட இருக்காது.

மேலே காற்று வருவதற்கு ஒரு துளை இருந்தது. அதனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று புத்திக்குத் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை. வேர்த்துக் கொட்டியது, உள்ளங்கால் சில்லிட்டது. கண்ணாடி வழியாகத் தன்னுடைய காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி வரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார யாரும் வர மாட்டார்கள்.

இரண்டு மணி, மூன்று மணி. யார் தேடுவார்கள் என்று யோசித்தாள். புருஷன் சனிக்கிழமைகளில் ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பான். எட்டு மணிக்கு முன்னால் வீடு திரும்ப மாட்டான். நாலு மணிக்கு மாமாவுக்கு டீ போட வேண்டும். அதுதான் ஞாபகம் வந்தது. டீ வரவில்லையென்றால் அவர் என்ன செய்வார்? டிவி சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவார். அவளுக்கு அழுகை வந்தது, சத்தம் போட்டே அழுதாள். யாருக்கும் கேட்காமல் சத்தம் போட்டு அழ முடிவதும் அந்த வீட்டில் கிடைக்காத வசதிதான் என்று நடுவில் தோன்றியது. அதற்கும் சேர்த்து அழுதாள்.

அழுது ஓய்ந்த பிறகு, எதற்கென்றே தெரியாமல் பாடினாள். பாதி எழுதி, சரியில்லை என்று தூக்கிப் போட்டிருந்த ஒரு பாட்டு. யுகுலேலேயைத் தொடவில்லை. போனில் பதிவை நிறுத்த மறந்திருந்தாள்; அது ஓடிக்கொண்டேயிருந்தது அவளுக்குத் தெரியாது.

வீட்டில், நாலு மணிக்கு டீ வராததும் மாமனார் சமையலறையை எட்டிப் பார்த்தார். நாலரைக்கு மருமகளுக்குப் போன் போட்டார். மணி அடிக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. மகனுக்குப் போட்டார். "வந்துருவாப்பா, வேலை இருக்கும்" என்று மகன் கத்தினது பாதிதான் காதில் விழுந்தது. ஐந்து மணிக்கு டிவியை அணைத்தார், சட்டையை மாட்டினார், சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். கிளினிக் பூட்டிக் கிடந்தது. கீழே மருந்துக்கடையில் கேட்டு, பின்சந்தில் இருந்த சாவி அக்காவின் வீட்டைக் கண்டுபிடித்து, அவளைக் கையோடு கூட்டி வந்தார்.

சாவி அக்கா கதவைத் திறந்து, "பீப் அக்கா! ஏ பீப் அக்கா!" என்று இரண்டு குரல் கொடுத்தாள். நின்று காது கொடுத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

"யாரும் இல்லீங்கய்யா. எல்லாரும் ஒரு மணிக்கே போயாச்சு. கடைக்குக் கிடைக்குப் போயிருப்பாங்க, வாங்க."

அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை. அவர் பாட்டுக்கு உள்ளே நடந்தார். டாக்டர் அறையில் தலையை விட்டுப் பார்த்தார். கழிவறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். கடைசி அறைக்கு வந்து கண்ணாடிக்குள் பார்த்தார். மருமகள் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தலையைச் சாய்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தார்.

கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்தபோது மணி ஐந்தரை தாண்டியிருந்தது. அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாமனார் ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "நாலு மணிக்கு நீ வரல. நாலரைக்கும் வரல. அப்புறம் எப்படிம்மா நான் சும்மா உக்காந்திருக்கிறது?" அப்புறம் உள்ளே கிடந்த யுகுலேலேயைப் பார்த்துவிட்டு, "இதென்ன, பொம்மையா?" என்றார்.

திங்கட்கிழமைக்குள் சாவி அக்கா விஷயத்தைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டாள். டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "இது மெடிக்கல் எக்விப்மென்ட்மா. உனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் என்ன பதில் சொல்றது?" என்று தன்மையாகச் சொல்லி, கைப்பிடியை மாற்றினார். கூடவே வெளியே ஒரு பூட்டும் போட்டு, மத்தியானத்தில் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். நாற்பது நிமிஷமும் அவள் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து சாப்பாட்டை மெதுவாக மென்றாள்.

புருஷன் உண்மையிலேயே பயந்துபோயிருந்தான். "பாட்டுன்னா வீட்லயே பாடேன். யாரு வேண்டாங்கிறா?" என்றான்.

மாமனார்தான் அந்த வாரமே, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளினிக்குக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பாரு. என்னதான் இருக்குன்னு பாத்துரு." காது பாதிக்கு மேல் போயிருந்தது. மெஷின் மாட்டினார்கள். டிவி சத்தம் இறங்கியது. வீடு ஓய்ந்தது. மூன்றாம் நாள் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "என்னமோ முணுமுணுன்னு கேக்குதே, மோட்டார் ஓடுதா?"

"நான்தான் மாமா."

"பாடுறியா? பாடு, பாடு!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். முகத்தில் அத்தனை ஆசை. அவளுக்கு ஒரு வரியும் வரவில்லை. அதற்குப் பிறகு சமையலறையிலும் முணுமுணுக்க முடியவில்லை.

பத்தாவது பாட்டுக்காக அவள் அனுப்பிய அந்தச் சனிக்கிழமைப் பதிவு முழுவதையும் எடிட்டர் கேட்டிருந்தாள்.

"நீ கத்துறது, அழுறது, அப்புறம் அந்தப் பாட்டு. அப்படியே போட்டுறலாம்டி. கேக்குறவன் ஆடிப்போயிருவான்."

"வேண்டாம்."

"ஏன்?"

"அதைப் போட்டா மத்த பாட்டை எவனும் கேக்க மாட்டான். பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்ட பொம்பளைன்னுதான் பேசுவாங்க. காலம் பூரா நான் அந்தப் பெட்டிக்குள்ளயே உக்காந்திருக்கணும்."

எடிட்டர் வாதாடிப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். கத்தலும் அழுகையும் அந்தப் பாதிப் பாட்டும் அழிந்தன. சரியாக வந்த பத்துப் பாட்டோடு ஆல்பம் இணையத்தில் வெளியானது. பெயர், 'சத்தம் கேட்டா அழுத்துங்க'. அட்டையில் அவள் முகம் இல்லை. ஒரு சிவப்பு வட்டம், ஒரு நீலப் பெருக்கல் குறி. காது ரிப்போர்ட்டில் போடுகிற அடையாளங்கள். முதல் மாதம் முந்நூறு பேர் போலக் கேட்டார்கள். ஊர் பேர் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "இந்தப் பொண்ணு எங்க உக்காந்து பாடுது? நம்ம தோள்ல தலை வச்சுப் பாடுற மாதிரி இருக்கு." அதை அவள் நாலு தடவை படித்தாள்.

புருஷன் வேலைக்குப் போகும் வழியில் ஆல்பத்தைக் கேட்டிருக்கிறான். மூன்றாம் நாள் சாயங்காலம், ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"மூணாவது பாட்டு... அது நான்தானே?"

"ஆமா."

"நான் அப்படியா சொல்லிட்டே இருந்தேன்?"

"ஆமா."

கழற்றிய ஷூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. அந்த வரியை மட்டும் மாத்த முடியாதா?"

"முடியாதுங்க. வெளிய போயிருச்சு."

இன்னொரு தடவை கேட்பான் என்று அவள் பார்த்தாள். கேட்கவில்லை. போன் அடித்தது. எடுக்காமல் அடிக்க விட்டான்.

எடிட்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். அவள் வேலை செய்கிற ஸ்டுடியோ அன்றைக்குச் சும்மா இருக்கும், புதுப் பாட்டு ஒன்றை அங்கே முழுசாகப் பதிவு செய்யலாம் என்றாள். வீட்டில் சொன்னபோது புருஷன், "இப்ப என்ன" என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "போயிட்டு வா" என்றான்.

காலை ரயிலில் போனாள். ஸ்டுடியோவின் கூரை உயரமாக இருந்தது. மரத்தரை. நடுவில் நீளக் கையில் மைக் தொங்கியது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கு வெளியே ஒரு மரமும் வானமும். அவள் நடுவில் போய் நின்று வாயைத் திறந்தாள். குரல் வந்தது, ஆனால் பாதிதான் வந்தது. ஒன்றரை வருஷமாக ஒரு சாண் தூரத்துக்குப் பாடியே பழகிய குரல் அது. அறைக்குள் போய் எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் முயன்றாள்.

"பக்கத்துல ஏதாவது சின்ன ரூம் இருக்கா?" என்று கேட்டாள்.

வயர்ச் சுருள்கள் போட்டு வைக்கிற ஓர் அறை இருந்தது. அதற்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டதும் குரல் தானாக வந்தது. ஒரே தடவையில் முடித்துவிட்டாள். எடிட்டர் ஹெட்போனைக் கழற்றினாள்.

"பிரமாதம். பழைய ஆல்பத்துல இருக்கிற மாதிரியே இருக்கு. இது போதும்னா இதோட வச்சுக்கலாம்."

பழைய ஆல்பம் மாதிரியே இருக்கிறது என்பது சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவளுக்குத் திரும்பவும் அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்தாள். "இல்ல. பெரிய ரூம்லயே போறேன்" என்றாள்.

முதல் தடவை சுருதி பிசகியது. அடுத்ததில் வரிகள் மறந்துபோயின. அதற்கடுத்து, தன் குரல் கூரைக்குப் போய்த் தாமதமாகத் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டே நின்று, அடுத்த வரியைத் தவறவிட்டாள். எடிட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சலிக்காமல் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டபோது ஒன்பது தடவை பாடியாயிற்று. பாட்டு முடியவில்லை. ஒன்பதாவதில் முதல் நாலு வரி மட்டும் தேறியது. அந்த நாலு வரியைப் போனில் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டாள். நடுங்குகிற குரல்தான். ஆனால் இதற்கு முன்னால் கேட்காத ஒரு குரல்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "அடுத்த மாசம் இன்னொரு தடவை போறேன்."

'போகட்டுமா' என்று கேட்டுத்தான் பழக்கம். 'போறேன்' என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே கவனம் வந்தது. புருஷன் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். என்ன சொல்வது என்று யோசிப்பது அவன் முகத்தில் தெரிந்தது.

மாமனார் காது மெஷினை விரலால் சரிசெய்துகொண்டார்.

"காலையில எத்தனை மணிக்கும்மா ரயில்?" என்றார்.